அத்தியாயம் 37: ஓதம், தூண்டில், ஒரு டைம்ஸோன் பக்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிப்பதற்காகச் சில இடங்கள் மட்டும் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு விருந்தினர் யாரும் இல்லை, நான் மட்டும்தான். ரொம்ப நாளா சொல்லணும்னு நினைச்ச ஒரு கதை. நடந்தது போன செப்டம்பர்ல. இவ்வளவு நாள் சொல்லாததுக்குக் காரணம் அம்மா. அவங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு எனக்கும் அப்பாவுக்கும் ஒரு ஒப்பந்தம் இருந்தது. போன மாசம் அப்பாவே ஏதோ சண்டையில உளறிட்டார். அதனால இப்ப சொல்லலாம்.

வழக்கமா இங்க சாஃப்ட்வேர் பத்திப் பேசுவோம். இதுலயும் ஒரு பக் இருக்கு. ஆனா முக்கால்வாசி மீன் பிடிக்கிற கதை. பிடிக்காதவங்க இப்பவே அடுத்த எபிசோடுக்குத் தாவிடலாம்.

நான் வேலை பார்க்கிறது வேல்ஸ்ல, ஸ்வான்சீ நகரத்துல. அங்கிருந்து மேற்கே முக்கால் மணி நேரம் கார்ல போனா கௌவர் தீபகற்பம் முடியற இடம், ரோசிலின்னு ஒரு கிராமம். அந்தக் கிராமத்துக்கு எதிர்ல கடலுக்குள்ள நீளமா படுத்திருக்கிற பாறைத் தீவுதான் வோம்ஸ் ஹெட். பேரைக் கேட்டா 'புழுவின் தலை'ன்னு தோணும். பழைய மொழியில அந்தச் சொல்லுக்குப் பாம்பு, டிராகன்னு அர்த்தம். தூரத்துலேருந்து பார்த்தா அப்படித்தான் இருக்கும், ஒரு பெரிய பாம்பு தலையைத் தூக்கிக்கிட்டுக் கடலுக்குள்ள போற மாதிரி.

அது எல்லா நேரமும் தீவு இல்லை. தண்ணி வத்தும்போது கரைக்கும் அதுக்கும் நடுவுல ஒரு பாறை வழி வெளியே வரும். அடிவற்றத்துக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடியிலேருந்து ரெண்டரை மணி நேரம் பின்னாடி வரைக்கும், மொத்தம் 5 மணி நேரம் அதுல நடந்து போகலாம். வழின்னா ரோடு இல்லை. கூரான பாறை, நடுநடுவுல குட்டை, மேலெல்லாம் சிப்பி. வேகமா நடக்கவே முடியாது. அந்த 5 மணி நேரத்தைத் தவறவிட்டா அடுத்த வற்றம் வரைக்கும் தீவுலதான் இருக்கணும். டிலன் தாமஸ், ஸ்வான்சீக்காரர், பெரிய கவிஞர், அவரே ஒரு தடவை சாப்பாடும் புத்தகமுமா அங்க போய், வெயில்ல தூங்கிப்போய், நள்ளிரவு வரைக்கும் மாட்டிக்கிட்டு இருந்திருக்கார். ஒரு கடிதத்துல அவரே எழுதியிருக்கார்.

இப்ப ஓதம் பத்திக் கொஞ்சம் சொல்லணும். இது தெரியலன்னா கதை புரியாது. நம்ம ஊர்ல கடல் ஏறுறதும் வத்துறதும் பெருசாத் தெரியாது. சென்னையிலயும் சரி, எங்க கன்னியாகுமரி மாவட்டத்துலயும் சரி, உயரமான ஓதத்துக்கும் தாழ்வானதுக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான். ஸ்வான்சீ பக்கம் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி எட்டரை மீட்டர் வரும். அதாவது ரெண்டு மாடி வீடு முழுசா முழுகுற உயரம். ஓதம் குறைவா இருக்கிற நாட்கள்லயே 4 மீட்டர். காரணம் பிரிஸ்டல் கால்வாயோட வடிவம். அட்லாண்டிக் பக்கம் அகலமா திறந்து, உள்ளே போகப்போகக் குறுகி, ஆழமும் குறையுது, ஒரு புனல் மாதிரி. போதாக்குறைக்கு, அந்தக் கால்வாய்த் தண்ணி தன்னியல்பா ஊசலாடுற காலமும் ஓதம் வந்து போற 12 மணி 25 நிமிஷமும் கிட்டத்தட்ட ஒத்துப்போகுது. ஊஞ்சலைச் சரியான நேரத்துல தள்ளுற மாதிரி.

இன்னொண்ணு, தண்ணி ஒரே வேகத்துல ஏறாது. படகுக்காரங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க. மொத்த ஏற்றத்தை 12 பங்காப் பிரிச்சா முதல் மணி நேரத்துல 1 பங்கு, ரெண்டாவதுல 2, மூணாவதுலயும் நாலாவதுலயும் மும்மூணு, அப்புறம் 2, கடைசியா 1. எட்டரை மீட்டருக்குப் போட்டுப் பாருங்க. முதல் மணி நேரத்துல 70 சென்டிமீட்டர்தான். பக்கத்துல நிக்கிறவனுக்கு அது அலை மாதிரிதான் தோணும். மூணாவது மணி நேரத்துல ரெண்டு மீட்டருக்கு மேல, நிமிஷத்துக்கு மூணரை சென்டிமீட்டர். இந்த எண்ணை ஞாபகம் வச்சுக்குங்க.

அப்பா வந்தது ஆகஸ்ட் கடைசியில. முட்டம் பக்கத்துல எங்க ஊர். அப்பா அரசு பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவர். மீன்பிடி தொழில் இல்லை, ஆனா லீவு நாள்ல முட்டம் பாறையில தூண்டில் போடாம இருக்க மாட்டார். கையில சுத்தின நரம்பு, ஈயத்துக்குப் பதிலா துருப்பிடிச்ச நட்டு, இரைக்கு மட்டி இல்லன்னா கணவாய்த் துண்டு. பாறைக் கலவாவும் விளமீனும் கொண்டு வருவார். என்னைக் கூட்டிட்டுப் போகும்போதெல்லாம் ஒரே பாடம்தான். பாறையில இறங்குறதுக்கு முன்னாடி கால் மணி நேரம் சும்மா நின்னு கடலைப் பாரு. பத்து அலை சாதுவா வரும், பதினொண்ணாவது ஆளைத் தூக்கும். அங்க பயம் அலைதான். ஓதம்னு ஒரு பயமே கிடையாது.

இங்க வந்து மூணு வாரம் வீட்டுக்குள்ளயே இருந்து அவருக்குப் போரடிச்சுப் போச்சு. டெஸ்கோவுல வாங்குற மீனைப் பார்த்து, "இது மீனா மக்கா, சோப்பு மாதிரி இருக்கு"ன்னார். சரி, வோம்ஸ் ஹெட் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டேன். செப்டம்பர் சரியான மாசம். மார்ச்லேருந்து ஆகஸ்ட் வரைக்கும் கடல் பறவைங்க முட்டையிடுறதால தீவோட வெளித்தலைக்குப் போகக்கூடாது, அந்தத் தடையும் முடிஞ்சிருக்கும். அயிலை இன்னும் கரையோரம் இருக்கும். பாஸ்னு ஒரு மீன், நம்ம கொடுவாவுக்குத் தூரத்துச் சொந்தம்னு சொல்லலாம், அது நுரை அடிக்கிற பாறை இடுக்குல இரை தேடி வரும். இங்க கரையிலேருந்து கடல்ல தூண்டில் போட லைசென்ஸ் வேண்டாம். ஆனா பாஸ் 42 சென்டிமீட்டருக்குக் குறைஞ்சா திரும்ப விட்டுடணும்.

ஓத நேரம் பார்க்க நானே எழுதின ஒரு ஸ்கிரிப்ட் வச்சிருந்தேன். ஒரு தளத்துலேருந்து நேரத்தை எடுத்து, அன்னைக்கு எத்தனை மணிக்கு வழி திறக்கும், எப்ப மூடும்னு போன்ல அனுப்பும். முந்தின வருஷம் நவம்பர்ல எழுதினது. அச்சடிச்ச ஓத அட்டவணையோட பத்து நாள் ஒப்பிட்டுப் பார்த்தேன், நிமிஷம் பிசகாம இருந்தது. குளிர்காலம் முழுக்க அதை வச்சுத்தான் போனேன், வந்தேன்.

அன்னைக்கு சனிக்கிழமை. பௌர்ணமி கழிஞ்சு ரெண்டாம் நாள், வருஷத்துலயே பெரிய ஓதம் வர்ற வாரம். ஸ்கிரிப்ட் சொன்னது: அடிவற்றம் மதியம் 1:40, வழி 11:10லேருந்து 4:10 வரை. பத்தரைக்கு ரோசிலி போயிட்டோம். போற பாதையில அன்னைக்கு எந்த நேரத்துல கடக்கலாம்னு ஒரு போர்டு வச்சிருப்பாங்க. அதுல 10:10லேருந்து 3:10 வரைன்னு இருந்தது.

அப்பாதான் முதல்ல பார்த்தார். "மூணு பத்துன்னு போட்டிருக்கே மக்கா?"

நான் அஞ்சு செகண்ட்ல பதில் சொல்லிட்டேன். "அது ஜி.எம்.டி.ப்பா. ஓத அட்டவணை எல்லாம் ஜி.எம்.டி.லதான் அச்சடிப்பாங்க. இப்ப கோடை நேரம், ஒரு மணி நேரம் கூட்டிக்கணும்." சொன்னதுல பாதி உண்மைதான். நிறைய அட்டவணை அப்படித்தான் இருக்கும். சரியா ஒரு மணி நேரம் வித்தியாசம் இருந்ததாலதான் எனக்கு அந்த விளக்கம் அவ்வளவு கச்சிதமா இருந்தது. 35 நிமிஷம் வித்தியாசம்னா நின்னு யோசிச்சிருப்பேன்.

பொது ஜனங்களுக்காக வைக்கிற போர்டுல எவனாவது ஜி.எம்.டி. எழுதுவானா? இப்ப கேட்கிறேன். அப்ப கேட்கல.

11:15க்கு வழியில இறங்கினோம். என் கணக்குப்படி அப்பதான் திறந்து 5 நிமிஷம். ஆனா பாறையெல்லாம் காஞ்சு கிடந்தது. எதிர்ல ஆட்கள் திரும்பி வந்துக்கிட்டு இருந்தாங்க. உள்ளூர்க்காரங்க, பழகினவங்க, முன்னாடியே போயிருப்பாங்கன்னு நினைச்சேன். அப்பா வேற எதையோ பார்த்துக்கிட்டு இருந்தார். அவர் தலைக்கு மேல, கை நீட்டினாலும் எட்டாத உயரத்துல, பாறையில கொட்டலசு ஒட்டியிருந்தது. "இவ்வளவு உசரத்துக்கா தண்ணி வரும்?"ன்னு ரெண்டு தடவை கேட்டார்.

உள்தலையோட தெற்குப் பக்கம் ஒரு படிப்பாறை எனக்குப் பழக்கம். அப்பா வழக்கம்போல கால் மணி நேரம் நின்னு பார்த்தார். அப்புறம் தானா ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்தார், நான் வழக்கமா நிக்கிற இடத்துக்கு ரெண்டடி மேல. ஈயம் பாறையில சிக்கும்னு நான் ஈயத்துக்கு மட்டும் மெல்லிசான நரம்பு கட்டியிருந்தேன். சிக்கினா அது மட்டும் அறுந்து மீன் மிஞ்சும். அதைப் பார்த்து, "நட்டு கட்டினா நரம்பே மிச்சம்"னார். முதல் ஒரு மணி நேரம் நாலஞ்சு அயிலை. நண்டு இரைக்கு ஒரு ராஸ் வந்தது. பச்சையும் பழுப்புமா கிளி மாதிரி இருக்கிற பாறை மீன். அது எல்லாமே பெண்ணாத்தான் பிறக்கும், வயசான பிறகு சிலது ஆணா மாறும். அப்பாகிட்ட சொன்னேன், நம்பல. திரும்ப விட்டுட்டோம்.

1:40க்கு நான் அறிவிச்சேன், "இதான்ப்பா அடிவற்றம், இனிமேதான் ஏறும்."

"இல்லியே. அப்பவே திரும்பியாச்சு கேட்டியா. அந்த வெள்ளப்பாறை அப்ப முழுசாத் தெரிஞ்சுது, இப்பப் பாரு."

நான் பார்த்தேன். வெள்ளைப் பாறையோட கால் பக்கம் முழுகியிருந்தது. அலைப்பான்னு சொல்லிட்டேன். அவர் ஒண்ணும் பேசல. முட்டத்துல நான் சின்னப் பையனா இருந்து இப்படிப் பேசியிருந்தா தலையில ஒண்ணு விழுந்திருக்கும். இங்க இது என் ஊர், என் கடல், என் கம்ப்யூட்டர். விட்டுக் கொடுத்துட்டார்.

ரெண்டரைக்கு மேல பாஸ் வர ஆரம்பிச்சது. ஏறுற தண்ணியிலதான் அது கரைக்கு நெருங்கி வரும், அதுவே எனக்கு ஒரு அடையாளமா இருந்திருக்கணும். மூணு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி அப்பாவோட தூண்டில் வளைஞ்சது. ராடு, ரீல் அவருக்குப் பழக்கம் இல்லை. கடைசியில ரீலை விட்டுட்டு நரம்பைக் கையால இழுத்தார். 50 சென்டிமீட்டருக்கு மேல. அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து எவ்வளவோ வருஷம் ஆச்சு. ரெண்டு பேரும் போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தோம். தீவுல எங்களைத் தவிர யாருமே இல்லைங்கிறதை அப்பதான் கவனிச்சேன்.

3:10க்கு அப்பா எதுவும் கேட்காம சாமானைக் கட்ட ஆரம்பிச்சார். போர்டுல பார்த்த நேரத்தை மனசுல வச்சிருந்திருக்கார். "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு"ன்னேன். கட்டிக்கிட்டே இருந்தார். நானும் முணுமுணுத்துக்கிட்டே கட்டினேன். 3:40க்கு வழிக்கு வந்தோம். வழி இல்லை. ரெண்டு பக்கத்துலேருந்தும் தண்ணி வந்து நடுவுல சேர்ந்திருந்தது. நடுவுல மட்டும்தான், ஒரு முப்பதடி அகலம். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாறை காய்ஞ்சு தெரியுது.

"முழங்கால் அளவுதாம்ப்பா. ஓடிடலாம்."

அப்பா என் பையோட வாரைப் பிடிச்சார். "நீ போனா நானும் வரணும். நான் வரல."

அவ்வளவுதான் சொன்னார். கத்தல. பையை விடவும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. போர்டுக்கும் ஸ்கிரிப்டுக்கும் நடுவுல என்ன ஆச்சுன்னு புரிய ஆரம்பிச்சிருந்தது, அந்த அவமானத்துல வந்த கோபம். நின்னு பார்த்தோம். நான் சொன்ன எண்ணை ஞாபகம் இருக்கா, நிமிஷத்துக்கு மூணரை சென்டிமீட்டர். கால் மணி நேரத்துல முழங்கால் இடுப்பாயிடுச்சு. ஆழத்தை விட ஓட்டம்தான் பயங்கரம், நடுவுல ஆறு மாதிரி ஓடுது. அடியில எல்லாம் வழுக்குப் பாறை. நான் இறங்கியிருந்தா பாதியில நின்னிருப்பேன். அப்பாவுக்கு 63 வயசு, அவர் எனக்குப் பின்னாடி இறங்கியிருப்பார்.

மேலே புல் மேட்டுக்கு ஏறினோம். அங்க தண்ணி வராது. மாட்டிக்கிட்டா நீந்தவோ தண்ணியில நடக்கவோ முயற்சி பண்ணாம அப்படியே இருக்கணும், 999 அடிச்சு கோஸ்ட்கார்டைக் கேட்கணும். கீழே சிக்னல் இல்லை, மேட்டுல ரெண்டு கோடு வந்தது. எத்தனை பேர், யாருக்காவது அடியா, என்ன கலர் சட்டை, போன்ல எவ்வளவு சார்ஜ்னு நிதானமாக் கேட்டாங்க. எதிர்க்கரையில பாறை முனையில ஒரு சின்னக் கண்காணிப்புக் குடில் உண்டு, தன்னார்வலர்கள் தொலைநோக்கியோட உட்கார்ந்திருப்பாங்க. அவங்க எங்களை ஏற்கனவே பார்த்திருந்தாங்களாம்.

அடுத்து வழி திறக்க ராத்திரி பத்தரை ஆகும், அதுவும் இருட்டுல. அதனால படகு அனுப்பினாங்க. ஒரு ஆரஞ்சு நிற ரப்பர் படகு, ஹெல்மெட் போட்ட மூணு பேர். ஒதுக்கமான ஒரு இடுக்குல கொண்டு வந்து நிறுத்தி, எங்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டி ஒவ்வொருத்தரா ஏத்தினாங்க. யாரும் திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். அப்பா மீன் பையை மட்டும் விடவே இல்லை.

கரைக்கு வந்ததும் அப்பா கேட்டார், "இவங்களுக்கு எவ்வளவு குடுக்கணும்?" ஒண்ணும் வேண்டாம்ப்பா, இவங்க சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், இந்த நாட்டுல பெரும்பாலான உயிர்காப்புப் படகுங்க 1824லேருந்து நன்கொடையில நடக்கிற ஒரு சங்கத்தோடதுன்னு சொன்னேன். நம்ப முடியாம அந்தப் பசங்களையே பார்த்துக்கிட்டு இருந்தார். மறுநாள் கடையில படகு வடிவத்துல அவங்களோட உண்டியல் இருந்தது. 20 பவுண்டு நோட்டை நாலா மடிச்சுப் போட்டார். என் பர்ஸ்லேருந்துதான்.

அன்னைக்கு ராத்திரி தேங்கா அரைச்சு மீன் குழம்பு வச்சார். அம்மா வீடியோ கால்ல, ஏன் இவ்வளவு நேரம்னு கேட்டாங்க. "டிராஃபிக்"னார்.

அவர் தூங்கின பிறகு கோடைத் திறந்தேன். அந்தத் தளம் நேரத்தை வெறும் 12:40ன்னு தருது, எந்த டைம்ஸோன்னு எதுவும் இல்லை. எழுதும்போது நான் அதை யூ.டி.சி.ன்னு எடுத்துக்கிட்டு லண்டன் நேரத்துக்கு மாத்தியிருந்தேன். அது ஏற்கனவே லண்டன் நேரம். குளிர்காலத்துல யூ.டி.சி.யும் லண்டனும் ஒண்ணு, மாத்தினாலும் அதேதான் வரும். மார்ச் கடைசி ஞாயித்துக்கிழமை கடிகாரத்தைத் தள்ளி வச்ச அன்னைக்கு என் ஸ்கிரிப்ட் பொய் சொல்ல ஆரம்பிச்சிருக்கு. கோடையில ரெண்டு மூணு தடவை மணல் கரையிலேருந்துதான் தூண்டில் போட்டேன், அங்க ஒரு மணி நேரம் தப்பானா உயிர் போகாது, மீன் கடிக்காது, அவ்வளவுதான். எனக்கு நேரம் சரியில்லைன்னு நினைச்சேன். உண்மையிலேயே நேரம்தான் சரியில்லை.

மூணு வரி மாத்தினேன். கூடவே இங்கத்துப் பழைய ஆட்கள் வச்சிருக்கிற ஒரு கணக்கையும் கத்துக்கிட்டேன். ஒரு ஊர்ல பெரிய ஓதம் வர்ற நாட்கள்ல அடிவற்றம் எப்பவும் ஏறக்குறைய ஒரே மணியிலதான் வரும், நிலா அப்படி. ஸ்வான்சீ பக்கம் அது நண்பகலை ஒட்டி. காத்தும் காத்தழுத்தமும் தண்ணியைக் கூட்டும், அழுத்தம் ஒரு மில்லிபார் குறைஞ்சா கடல் ஒரு சென்டிமீட்டர் உயரும். அதனால மூடுற நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே கிளம்பிடறேன்.

அப்பா ஊருக்குப் போயிட்டார். இப்பவும் சனிக்கிழமை காலையில போன் பண்ணுவார். மீன் பிடிக்கப் போறேன்னு சொன்னா, "போர்டு என்ன சொல்லுது?"ன்னு கேட்பார். நான் வாசிச்சுச் சொல்லணும். ஸ்கிரிப்ட் என்ன சொல்லுதுன்னு கேட்டதே இல்லை.

நவம்பர்ல தனியா ஒரு தடவை போனேன். போர்டு முன்னாடி நின்னுக்கிட்டு, சும்மா, திருத்தாத பழைய ஸ்கிரிப்டையும் ஓட்டிப் பார்த்தேன். கடிகாரம் அதுக்குள்ள திரும்ப மாறியிருந்தது. போர்டுல இருந்த நேரமும் அது சொன்ன நேரமும் ஒரு நிமிஷம்கூட வித்தியாசம் இல்லை.